வெட்டிப் பார்க்காத லைனர்

மேடையில் வீற்றிருக்கும் எங்கள் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் தலைவர் சீனிப்பிள்ளை ஐயா அவர்களே, ஓட்டமாவடியிலிருந்து வந்திருக்கும் பள்ளிவாசல் பெரியவர்களே, கோயில் வண்ணக்கர் அவர்களே, மறைந்த பதியுதீன் காக்காவின் மகன் றிஸ்வி அவர்களே, தொழிலுக்குப் போகாமல் படகைக் கட்டிவிட்டு வந்து இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் பனிச்சங்கேணி, மாங்கேணி உறவுகளே! உங்கள் எல்லோருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும். வணக்கம்.

அழைப்பிதழில் என் பெயருக்கு நேரே "நினைவுப் பேருரை" என்று அச்சடித்திருக்கிறீர்கள். பேருரை! அந்தத் தகுதி இந்த மண்டபத்தில் யாருக்கு இருந்தாலும் எனக்கு இல்லை. தலைவர் ஐயா கூப்பிட்டபோது, "நீங்கதானே சேர் அவரோட கூடப் பழகின ஆள்" என்றார். ஓம், பழகினேன். பழகித்தான் அந்த மனிதருக்கு இப்படி ஒன்றைச் செய்தேன். என்ன செய்தேன் என்பதைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன். இடையில் யாரும் கைதட்ட வேண்டாம். முடிந்த பிறகும் வேண்டாம்.

என்னைத் தெரியாதவர்களும் இருப்பீர்கள். நான் கேதீசன், செங்கலடி ஆள். பதினொரு வருடமாக இந்தச் சங்கத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தர். உங்கள் படகு எஞ்சின்களுக்கு எது நல்லது, எது கூடாது என்று கையெழுத்துப் போடுகிறவன். என் கையெழுத்துக்கு இந்த ஊரில் ஒரு மதிப்பு இருந்தது. இன்றைக்குப் பின்னேரத்தோடு அது இருக்குமோ தெரியாது.

பதியுதீன் காக்காவை யாருக்குத்தான் தெரியாது? "லைனர் பாஸ்" என்று சொன்னால் வாகரையிலிருந்து ஏறாவூர் வரைக்கும் அவர் பட்டறைக்கு வழி காட்டுவார்கள். எஞ்சினுக்குள் பிஸ்டன் ஏறி இறங்குகிறதே, அதைச் சுற்றி நிற்கிற இரும்புக் குழாய்தான் லைனர். உள்ளே நெருப்பு எரிகிறது, வெளியே தண்ணீர் ஓடுகிறது. இரண்டையும் பிரித்து வைத்திருப்பது விரல் தடிப்புக்கூட இல்லாத ஒரு வார்ப்பிரும்புச் சுவர். கொழும்பில் பெட்டியோடு வாங்குகிற அந்தச் சாமானை, ஓட்டமாவடியில் ஒரு தகரக் கொட்டிலுக்குள் தன் கையால் வார்த்துக் கடைந்து தந்த மனிதர் அவர். அதை லேசான வேலை என்றா நினைத்தீர்கள்?

பழைய பிரேக் ட்ரம், தேய்ந்த லைனர், உடைந்த எஞ்சின் கட்டை எல்லாம் வாங்கிக் குவித்திருப்பார். ஒவ்வொன்றையும் சம்மட்டியால் உடைத்து, உடைந்த முகத்தைப் பார்ப்பார். சாம்பல் நிறமாக இருந்தால் உலைக்குப் போகும். வெள்ளையாக மினுங்கினால் தூர எறிவார். "இது கண்ணாடி மாதிரி, மனே. உளி போட்டா உளியத் தின்னும், சூடு கண்டா வெடிக்கும்" என்பார். உருக்கிய இரும்பை, அரிசி ஆலையில் கழித்த ஒரு மோட்டரில் பூட்டிச் சுழல விட்ட அச்சுக்குள் ஊற்றுவார். ஏன் சுழல விடவேண்டும்? சுழலும்போது பாரமான நல்ல இரும்பு வெளிப்பக்கம் ஒதுங்கும். அழுக்கும் காற்றுக்குமிழும் உள்பக்கம் வரும். பிறகு உள்பக்கத்தை லேத்தில் கடைந்து எறிந்துவிட்டால் அழுக்கும் போய்விடும். சுளகில் நெல்லும் பதரும் பிரிகிற மாதிரித்தான். உறவுகளே, இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: அவர் வார்த்த லைனரில் வெளிப்பக்கம்தான் ஆகத் திறமான இரும்பு.

வார்த்ததும் கடைய மாட்டார். பட்டறை முற்றத்தில் நாற்பது நாள் வெயிலிலும் பனியிலும் போட்டு வைப்பார். நான் ஒருமுறை அவசரப்பட்டுக் கேட்டதற்குச் சிரித்தார். "புள்ள பெத்த பொம்புளைக்கு நாப்பது நாள் குடுக்கம். நெருப்புக்குள்ள இருந்து வந்த இரும்புக்குக் குடுக்க ஏலாதா? உள்ளுக்க அதுக்கு ஒரு முறுகல் இருக்கு. அது ஆறாமக் கடைஞ்சா பொறகு வட்டம் கோணிப் போகும்." கடைந்த பிறகு உள்சுவரில் கல் போட்டு, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத குறுக்குக் கீறல்கள் இடுவார். வழுவழுப்பாக விட்டால் எண்ணெய் நிற்காதாம். கடைசியில் லைனரைக் கயிற்றில் தூக்கித் தட்டிப் பார்ப்பார். நல்ல மணி மாதிரிக் கேட்டால்தான் விளிம்பில் ஒரு வட்டமும் அதற்குள் "ப" என்ற எழுத்தும் குத்துவார். கேட்காவிட்டால் அது திரும்ப உலைக்குத்தான்.

அந்தக் காலத்தில் என்னை "தம்பி" என்றும் "மனே" என்றும்தான் கூப்பிடுவார்.

பதினொரு வருடத்துக்கு முன்னர், வாவிக்குள் மீனும் ஐஸும் ஏற்றி இறக்குகிற நம்முடைய படகுகளுக்கு டீசல் எஞ்சின் பூட்டினோம் அல்லவா? எல்லாம் வயல் உழுது தேய்ந்த லாண்ட்மாஸ்டர் எஞ்சின்கள், பதியுதீன் காக்காவின் லைனர் போட்டுப் புதுப்பித்தவை. அவற்றைக் குளிராக்க ஒரு வழி வேண்டும். வாவித் தண்ணீரைப் பம்பால் நேரே இழுத்து எஞ்சினைச் சுற்றி ஓட விட்டு வெளியே தள்ளலாம் என்று நான் வரைபடம் கீறினேன். சுகமான வேலை. பதியுதீன் காக்கா அதைப் பார்த்தார்.

"தம்பி, இது வயல் எஞ்சின். கெணத்துத் தண்ணி குடிச்சு வளந்தது. உப்புத் தண்ணியக் குடுத்தா லைனர வெளியால இருந்து தின்னும். படகுக்கு அடியில ஒரு பைப்ப ஓட்டி, நல்ல தண்ணிய அதுக்குள்ளயே சுத்த விடுங்க."

நான் விடுவேனா? பரிசோதனை செய்தவன் அல்லவா! "காக்கா, நான் வாவித் தண்ணீரை எடுத்து உப்பு அளந்து பார்த்துவிட்டேன். ஆற்றுத் தண்ணீர் மாதிரி இருக்கிறது" என்றேன்.

"எந்த மாசத்துத் தண்ணி?" என்று கேட்டார்.

மார்கழி மாதத்துத் தண்ணீர். மழை கொட்டி, முகத்துவாரம் உடைத்து, வெள்ளம் வாவி முழுக்க நிறைந்து ஓடின நேரம் பாலத்தடியில் ஒரு போத்தல் தண்ணீர் எடுத்தேன். ஆவணியில் கச்சான் காற்றடித்து, முகத்துவாரம் மூடி, வாவி வற்றிக் கிடக்கும்போது அந்தத் தண்ணீர் எப்படி இருக்கும்? இந்த மண்டபத்தில் நண்டு பிடிக்கிற எந்த ஆளிடம் கேட்டிருந்தாலும் வாயில் வைக்க ஏலாது என்று சொல்லியிருப்பார். நான் யாரிடமும் கேட்கவில்லை. படித்தவன் கேட்கலாமா? வெட்கமாக இருக்கிறது, சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவது வருடம் ஆவணியில் வேலன் அண்ணனின் எஞ்சின் நின்றது. வேலன் அண்ணன் அதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார். லைனரில் ஊசி குத்தின மாதிரி ஓட்டை விழுந்து, தண்ணீர் உள்ளே இறங்கி, பிஸ்டனுக்கு மேலே நிறைந்து கிடந்திருக்கிறது. அது தெரியாமல் காலையில் கைபிடியைப் போட்டு வேகமாகச் சுற்றியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது என்னிடம் சொன்னார்: "அரைச் சுத்துத்தான் சுத்தினன் சேர். கல்லுல அடிச்ச மாதிரி நிண்டிட்டு. கைதான் முறிஞ்ச." இன்றைக்கும் அந்த வலது மணிக்கட்டு நேராக இல்லை. அதே மாதம் இன்னும் இரண்டு எஞ்சின்கள் அதே மாதிரி நின்றன.

சங்கம் என்னிடம் அறிக்கை கேட்டது. வேலன் அண்ணனின் லைனரைக் கழற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்துப் பார்த்தேன். வெளிப்பக்கம் முழுக்கச் சிறு சிறு குழிகள். பிஸ்டன் அடிக்கிற அதிர்வில் லைனரின் முதுகில் நீர்க்குமிழ்கள் வெடித்து வெடித்து இரும்பை அரிக்கும். உப்பு அதற்குத் துணை போகும். இதெல்லாம் நான் படித்த பாடம். அவர் சொன்னதும் இதையேதான். அதை எழுதினால் பிழை யாருடையது? தண்ணீர்ப் பம்பை வரைந்தவனுடையது.

நான் என்ன எழுதினேன் தெரியுமா? "உள்ளூர் வார்ப்பில் காற்றுக்குமிழ்க் குறைபாடு." நாலே சொல். ஆகத் திறமான இரும்பு இருக்கிற வெளிப்பக்கத்தில் காற்றுக்குமிழாம்! யாராவது கேட்டார்களா? கேட்கவில்லை, என் கையெழுத்து இருந்ததே.

அந்தப் பொதுக்கூட்டம் இதே மண்டபத்தில்தான் நடந்தது. "உள்ளூர் லைனர் இனிமேல் வாங்கப்படாது, உள்ளூர் முத்திரை உள்ளதை எந்த எஞ்சினிலும் பூட்டப்படாது" என்று தீர்மானம் வந்தது. பதியுதீன் காக்கா ஓட்டமாவடியிலிருந்து வந்து, பின்னால், அந்தக் கதவடியில் நின்றிருந்தார். கையைத் தூக்கி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சேர், அத வெட்டிப் பாத்தீங்களா?"

முதல் தடவையாக "சேர்" என்றார். நல்ல கேள்வி, உறவுகளே! வெட்டிப் பார்த்தால் குழி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியும். வார்ப்பில் பிழை என்றால் சுவரின் நடுவிலும் குமிழ் இருக்கும். தண்ணீர் தின்றது என்றால் வெளியே அகன்று உள்ளே போகப் போக ஒடுங்கும். இரண்டு நிமிடத்தில் உண்மை வெளிவந்துவிடும்.

நான், இந்த மேடையில் இதே இடத்தில் நின்று, இருநூறு பேருக்கு முன்னால் சொன்னேன்: "ஓம், பார்த்தேன்."

பொய்! வெட்டவில்லை. வெட்டப் பயம். அவர் தலையை ஆட்டிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். கை தூக்கித் தீர்மானம் நிறைவேறியது. நானும் கை தூக்கினேன்.

அந்த லைனரை என்ன செய்தேன்? எறிந்தால் யாராவது எடுத்துப் பார்ப்பார்கள் என்று அலுவலக மேசையிலேயே வைத்தேன். நிமிர்த்தி வைத்தால் அதற்குள் பேனை, அடிமட்டம், கத்தரிக்கோல் எல்லாம் அழகாக நின்றன. எட்டு வருடம் அது எனக்குப் பேனைக் குவளை. என் அலுவலகத்துக்கு வந்த நீங்கள் எத்தனை பேர் அதிலிருந்து பேனை எடுத்துக் கையெழுத்து வைத்திருப்பீர்கள்!

ஒருவர் மட்டும் அதை அடையாளம் கண்டார். ஆறு மாதம் கழித்து ஏதோ ஒரு பத்திரத்துக்காகப் பதியுதீன் காக்கா வந்தார். கையெழுத்து வைக்கச் சொன்னேன். பேனைக்குக் கையை நீட்டியவர் கொஞ்சம் நின்றார். விளிம்பில் தன்னுடைய "ப" இருப்பதைப் பார்த்தார். குழிகளைப் பார்த்தார். எங்கும் ஒரு வெட்டும் இல்லாமல் அது முழுசாக நிற்பதைப் பார்த்தார். பேனையை எடுத்தார், கையெழுத்து வைத்தார், எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார். "வாறன் சேர்" என்று சொல்லிப் போய்விட்டார். என் மூஞ்சியில் ஒரு அறை அறைந்திருந்தால் அன்றைக்கே தப்பியிருப்பேன்.

இதோடு முடிந்ததா? இல்லை. அடுத்த வருடம் பெட்டியோடு வாங்கின வெளிநாட்டு லைனர்களும் அதே ஆவணியில் அதே மாதிரி ஓட்டை விழுந்தன. இரும்பு எந்த நாட்டு இரும்பானால் உப்புக்கு என்ன? அப்போதாவது வாயைத் திறந்தேனா? சத்தமில்லாமல் பம்பைக் கழற்றி, படகுக்கு அடியில் பைப் ஓட்டி, நல்ல தண்ணீரை உள்ளேயே சுற்ற விட்டேன். அவர் சொன்னது, அப்படியே, அங்குலம் மாறாமல்! "உத்தியோகத்தரின் புதிய முறை" என்று சங்கத்தின் ஆண்டறிக்கையில் வந்தது. சட்டம் போட்ட ஒரு சான்றிதழும் தந்தீர்கள். தலைவர் ஐயா, அதை இந்தப் பையில் கொண்டு வந்திருக்கிறேன். போகும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறகு டொலர் இல்லாமல் சாமான் வராத அந்த வருடம் வந்தது. கொழும்பு முழுக்கத் தேடியும் ஒரு லைனர் இல்லை. கிடைத்த கொஞ்ச டீசலுக்கும் ஓடுகிற எஞ்சின் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தன. திடீரென்று ஒருநாள் ஒரு உரப்பையில் பதினாறு லைனர்கள் சங்கத்துக்கு வந்தன. எங்கிருந்து என்று கேட்டேன். "கொழும்பில ஒரு பழைய ஸ்டோர்ஸ்ல கிடந்ததாம் சேர்" என்றார்கள். ஒன்றை எடுத்து உள்சுவரைப் பார்த்தேன். அந்தக் குறுக்குக் கீறல்! விளிம்பைப் பெருவிரலால் தடவினேன். ஒரு இடம் புதிதாக அரம் போட்டு மழுக்கியிருந்தது. எழுத்து இருந்த இடம்.

தன்னுடைய முத்திரையைத் தானே அராவி எடுத்திருக்கிறார். கேட்டுப் போனவர்களிடம், "தீர்மானம் உங்களுக்குத் தடையா இருந்தா அத அராவித் தாறன், கொண்டு போங்க. தொழில் இல்லாம புள்ளையள் எத்தின நாளைக்கு இருக்குங்கள்?" என்றாராம். வியாபாரம் பண்ணுகிறவன் தன் பெயரை அழிப்பானா? தன்னை அவமானப்படுத்திய சங்கத்துக்காக யாராவது அழிப்பானா? அவர் அழித்தார்.

அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாம் தெரிந்துகொண்டு, நான் எழுதினேன்: "தரம் மிக நன்று. தயாரிப்பாளர் விபரம் இல்லை." அதை எழுதின பேனையை எதிலிருந்து எடுத்தேன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இன்றைக்கு அவர் மௌத்தாகி நாற்பதாம் நாள். இரும்புக்கே நாற்பது நாளில் முறுகல் ஆறும் என்றார். எனக்கு ஆறவில்லை. நேற்றுக் காலை பேனைகளைக் கொட்டிவிட்டு, அந்த லைனரைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். றிஸ்வியிடம் நீட்டி, "நீளவாட்டில் வெட்டித் தாரும் தம்பி" என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. எனக்குப் போட்டுத் தந்த பிளேன்டீ ஆறுவதற்கு முன்னம் வெட்டி முடிந்துவிட்டது. எட்டு வருடம் என்னால் முடியாத வேலை!

இதோ, இரண்டு பாதி. முன்வரிசையில் உள்ளவர்கள் வாங்கிப் பார்த்துப் பின்னால் கொடுங்கள். சுவரின் நடுவில் ஒரு குமிழ் காட்டுங்கள் பார்ப்போம். இல்லை! குழி எல்லாம் வெளியே அகலம், உள்ளே ஒடுக்கம். சுத்தமான வார்ப்பு. பழுது என் தண்ணீரில் இருந்தது.

றிஸ்வியிடம் எல்லாவற்றையும் சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னார்: "வாப்பாக்குத் தெரியும் சேர். நீங்க அதுக்குள்ள பேனை வச்சிருந்தத கண்டுட்டு வந்த அண்டைக்கே உம்மாட்டச் சொன்னாங்க." என்ன சொன்னார் என்று கேட்டேன். "'அந்தத் தம்பி வெட்டல்ல. ஒரு நாளைக்கு வெட்டும், பாத்துக்க' எண்டாங்க. உம்மா ஏசினாங்க."

தம்பி! என் முகத்துக்கு நேரே "சேர்" என்றவர், வீட்டில் கடைசிவரைக்கும் என்னைத் தம்பி என்றுதான் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு நாளை நான் அவர் உயிரோடு இருக்கும்போது கொடுக்கவில்லை. காக்காவின் மனைவி ஹவ்வா உம்மா, கணவனை இழந்தவர்கள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருப்பதால் இங்கே வர முடியாது. மகனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்: "மேடையில என்ட மனிசன சும்மா புகழ வேணாம். நடந்தத மட்டும் சொல்லச் சொல்லு." உம்மா, நடந்ததை மட்டும்தான் சொல்கிறேன்.

இப்போது உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அராவின லைனர் இப்போதும் எவருடைய எஞ்சினுக்குள் ஓடுகிறதோ, அவர்கள் தயவு செய்து எழுந்து நில்லுங்கள். தீர்மானத்துக்குப் பயப்பட வேண்டாம்.

வேலன் அண்ணன் எழுந்துவிட்டார். பின்னால் மாங்கேணிக்காரர். ஜன்னல் பக்கம் நாலு பேர். இன்னும் இருக்கிறீர்கள், எழும்புங்கள், வெட்கப்பட வேண்டியவன் நான் ஒருவன்தான். பதிமூன்று, பதினாலு, பதினைந்து... ஒன்று குறைகிறதே.

தலைவர் ஐயா? நீங்களுமா! அந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தது நீங்கள் அல்லவா, ஐயா? சிரிக்காதீர்கள் உறவுகளே. இல்லை, சிரியுங்கள். அவர் இருந்தால் முதலில் அவர்தான் சிரித்திருப்பார். பதினாறும் வந்துவிட்டது. மூன்று வருடமாக ஒன்றுகூட நிற்கவில்லை.

எழுந்து நிற்கும் உங்கள் முன்னால் சொல்கிறேன். அந்த அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன் என்று கடிதம் எழுதி, பழைய அறிக்கை எந்தெந்த இடத்துக்குப் போனதோ அந்தந்த இடத்துக்கெல்லாம் இன்றைக்குக் காலையே அனுப்பிவிட்டேன். வேலன் அண்ணன், உங்கள் கையை முறித்தது பதியுதீன் காக்காவின் இரும்பு அல்ல, என் வரைபடம். அதையும் அதில் எழுதியிருக்கிறேன். தீர்மானத்தை நீக்குவது உங்கள் கையில் இருக்கிறது, நின்றபடியே நீக்கலாம். என்னை வைத்திருப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம். வைத்திருந்தால், வெட்டிப் பார்க்காத எதற்கும் இனிக் கையெழுத்து வைக்க மாட்டேன். பதினாறு எஞ்சின்களையும் முறை முறையாகத் திறக்கும்போது, அராவின இடத்துக்குப் பக்கத்தில் அந்த வட்டத்தையும் "ப"வையும் றிஸ்வி மறுபடி பொறிப்பார். நான் பக்கத்தில் நின்று லைனரைப் பிடித்துக்கொள்வேன். பட்டறை முற்றத்தில் அவர் கடைசியாக வார்த்த ஒன்பது லைனர்கள் கிடக்கின்றன. அவற்றுக்கும் இன்றோடு நாற்பது நாள் தாண்டிவிட்டது. நாளைக்குக் காலை றிஸ்வி லேத்தில் ஏற்றுகிறார். அந்த ஒன்பதும் இந்தச் சங்கத்துக்கு, எழுத்தோடு, வரட்டும்.

பேச்சு முடிந்தது. ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது.

காக்கா, எட்டு வருடத்துக்கு முன்னர் அந்தக் கதவடியில் நின்று என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். அத வெட்டிப் பாத்தீங்களா என்று. இந்த மேடையிலிருந்து நான் தந்த பதில் பொய். அதே மேடையிலிருந்து இப்போது பதில் சொல்கிறேன்.

இல்லை காக்கா. நேற்றுத்தான் வெட்டினேன்.